குவைத்துக்கு எது சரி: ஜூன் 19-ஆ, பிப்ரவரி 25-ஆ?

நவம்பர் 15 (ராமநாதபுரம் வாசகர் கேட்டது)

பாய், நீங்கள் குவைத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளி வினாடி வினாவில் "குவைத்தின் சுதந்திர நாள் எது?" என்று கேட்டிருக்கிறார்கள். ஜூன் 19 என்று எழுதினாள். அதை அடித்துவிட்டு, பிப்ரவரி 25தான் சரி என்று சொல்லிவிட்டார்கள். படித்துத்தான் எழுதினேன் என்று நேற்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். சுதந்திர நாள், தேசிய நாள் எல்லாம் ஒன்றுதானே? வெள்ளைக்காரன் கிளம்பிப்போன நாள்தானே எல்லா நாட்டுக்கும்?

நவம்பர் 15, இரவு

மகள் எழுதியது சரி. குவைத் 1899-இல் பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம் போட்டு அதன் பாதுகாப்புக்குள் போனது. அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்த நாள் 1961 ஜூன் 19. சுதந்திரம் எப்போது என்று கேட்டால் அதுதான் பதில்.

பிப்ரவரி 25 என்பது ஷேக் அப்துல்லா அல் சாலிம் 1950-இல் ஆட்சிக்கு வந்த நாள். சுதந்திரம் வாங்கியபோது ஆண்டவரும் அவர்தான். முதலில் ஜூனில்தான் கொண்டாடினார்கள். ஜூன் மாதக் குவைத் வெயிலில் அணிவகுப்பு நடத்துவது யாருக்கு முடியும்? அதனால் 1960களிலேயே கொண்டாட்டத்தைப் பிப்ரவரிக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் கீழக்கரையில் சபுராளிக்கு, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கு, லீவு கிடைக்கிற மாதம் பார்த்து நிக்காஹ் தேதி வைப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெயிலை அனுபவித்தவன் நான். ஜூன், ஜூலையில் பகலில் வண்டியின் கதவுப்பிடியைத் தொட முடியாது. குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும், குளிப்பதற்கு முந்தின இரவே வாளியில் பிடித்து வைப்போம். 2016 ஜூலையில் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி பதிவானது. பிப்ரவரியில் வானம் தெளிந்து, சட்டைக்கு மேல் ஒன்று போடுகிற அளவுக்குக் குளிர் இருக்கும். 25-ஆம் தேதி கடற்கரைச் சாலை முழுக்க வண்டிகள் ஊர்ந்து போகும். பிள்ளைகள் கூரை வழியே தலையை நீட்டித் தண்ணீர்த் துப்பாக்கியால் வருவோர் போவோரை நனைப்பார்கள். மறுநாள் 26-ம் விடுமுறை, அது 1991-இல் ஈராக் படையிடமிருந்து நாடு மீண்ட நாள். முதல் வருடம் விவரம் தெரியாமல் இஸ்திரி போட்ட சட்டையோடு கடைத்தெருவுக்குப் போய் முழுக்க நனைந்து திரும்பினோம். அறையில் இருந்த எல்லோருக்கும் அன்றைக்கு அப்படி ஒரு சிரிப்பு.

நவம்பர் 16

யோசித்துப் பார்த்தால், திருத்திய ஆசிரியரிடமும் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான பொது அறிவுப் புத்தகங்களில் "தேசிய நாட்கள்" என்று ஒரே ஒரு அட்டவணை போட்டு, குவைத்துக்கு நேரே பிப்ரவரி 25 என்று அச்சடித்திருப்பார்கள். கேள்வியை எழுதியவர் அதை வைத்துக்கொண்டு "சுதந்திர நாள்" என்று எழுதிவிட்டார். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதில்தான் எல்லாக் குழப்பமும்.

கேள்வியின் கடைசி வரிக்கும் பதில் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் போன நாள்தான் எல்லோருக்கும் தேசிய நாள் என்பது இல்லை. சவூதியின் செப்டம்பர் 23 என்பது மன்னர் அப்துல் அஸீஸ் 1932-இல் தன் பகுதிகளை ஒரே அரசாக அறிவித்த நாள். பூட்டானின் டிசம்பர் 17 என்பது 1907-இல் முதல் மன்னர் முடிசூடிய நாள். தாய்லாந்தின் டிசம்பர் 5 மறைந்த மன்னர் பூமிபோலின் பிறந்தநாள். ஒவ்வொரு நாடும் உட்கார்ந்து யோசித்து, தன் நாட்களில் ஒன்றை எடுத்து மேலே வைக்கிறது. எதை எடுத்தது, ஏன் எடுத்தது என்று பிள்ளைகளிடம் கேட்டால் வரலாறே வந்துவிடும். தேதியை மட்டும் கேட்டால் மனப்பாடம்தான் வரும்.

நவம்பர் 20

இன்று ஓமன் தேசிய நாள். மருமகனின் டிராவல்ஸ் கடையில் காலையிலிருந்து மஸ்கட்டுக்கு ஃபோன் போட்டவர்களுக்கெல்லாம் "ஆபீஸ் லீவு" என்றுதான் பதில்.

இங்கே பலர் இன்னும் நவம்பர் 18 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 18 என்பது சுல்தான் காபூஸின் பிறந்தநாள். 1970-லிருந்து 2020-இல் இறக்கும் வரை அவர்தான் ஆண்டார், அதனால் அவர் பிறந்தநாளே நாட்டின் நாள் ஆனது. அடுத்து வந்த சுல்தான் ஹைதம் 2025 ஜனவரியில் அதை நவம்பர் 20-க்கு மாற்றினார். 1744-இல் அல் புசைதி வம்ச ஆட்சி தொடங்கியதை அது குறிக்கிறது. ஒரு மனிதரின் நாளை ஒரு வம்சத்தின் நாளாக ஆக்கியிருக்கிறார்கள். பழைய புத்தகத்தை வைத்துப் போட்டிக்குப் போகிறவர்கள் இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

நவம்பர் 21

"தேசிய நாளைக் கூடவா மாற்றுவார்கள்?" என்று ஏர்வாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

மாற்றுவார்கள். பிலிப்பைன்ஸைப் பாருங்கள். அமெரிக்கா அவர்களுக்கு 1946 ஜூலை 4-இல் விடுதலை கொடுத்தது, தன்னுடைய சுதந்திர நாளிலேயே. பதினாறு வருடம் அதைத்தான் கொண்டாடினார்கள். 1962-இல் அதிபர் மகபகால் அதை ஜூன் 12-க்கு மாற்றினார். 1898 ஜூன் 12-இல் அவர்களுடைய புரட்சித் தலைவர் அகினால்டோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை என்று அறிவித்திருந்தார். அடுத்தவன் கொடுத்த தேதி வேண்டாம், நாங்களே அறிவித்த தேதிதான் வேண்டும் என்று எடுத்த முடிவு. குவைத்தில் எங்கள் கடைக்கு வரும் பிலிப்பினோ பெண்கள் ஜூன் 12-க்கு முந்தின வாரமே கணவாயும் அரிசி நூடுல்ஸும் நிறைய வாங்கிப்போவார்கள். காரணத்தைச் சொன்னதும் அவர்களில் ஒருவர்தான், அவ்வளவு பெருமையாக.

நவம்பர் 26

இன்று நம்முடைய அரசியலமைப்பு நாள், அதனால் நம் கதைக்கும் வருகிறேன்.

1949 நவம்பர் 26-இல் அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றாகிவிட்டது. பிறகு ஏன் ஜனவரி 26 வரை காத்திருந்தார்கள்? 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் முழு விடுதலைதான் இலக்கு என்று தீர்மானம் போட்டது. 1930 ஜனவரி 26-ஐச் சுதந்திர நாளாகக் கடைப்பிடிக்கச் சொன்னது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மக்கள் உறுதிமொழி எடுத்துவந்தார்கள். விடுதலை வந்தபோது தேதி வேறாகிவிட்டது. பழைய தேதியை விட மனசில்லை. அதனால் இரண்டு மாதம் பொறுத்து, 1950-இல் அதே ஜனவரி 26-ஐக் குடியரசு நாள் ஆக்கினார்கள்.

சரி, ஆகஸ்ட் 15 எப்படி வந்தது? அதிகாரத்தை 1948 ஜூனுக்குள் கைமாற்றுவதாகத்தான் முதலில் திட்டம். மவுண்ட்பேட்டன் அதை முன்னுக்கு இழுத்து ஆகஸ்ட் 15 என்றார். 1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. அப்போது தென்கிழக்கு ஆசிய நேசப்படைக்கு அவர்தான் தளபதி. அதன் இரண்டாம் ஆண்டு நிறைவு மனசில் வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கொரியாவும் ஆகஸ்ட் 15-ஐக் கொண்டாடுவது இதே ஜப்பான் வீழ்ந்த நாள் என்பதால்தான். வடக்கு, தெற்கு இரண்டு கொரியாவுக்கும் அது விடுதலை நாள். "இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் ஒரே சுதந்திர நாள், என்ன ஆச்சரியம்" என்று துணுக்கு போடுவார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று என்று தெரிந்தால் அந்தத் துணுக்கு பத்து மடங்கு ருசிக்கும்.

ஜனவரி 26-க்கும் ஒரு கூட்டாளி உண்டு. ஆஸ்திரேலியாவின் தேசிய நாளும் அதுதான். 1788-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னி விரிகுடாவில் இறங்கிக் கொடியேற்றிய நாள். அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அது நிலம் பறிபோகத் தொடங்கிய நாள். 1938-இல் அவர்கள் அதே தேதியில் துக்க நாள் அனுசரித்தார்கள். தேதியை மாற்ற வேண்டும் என்று இன்றுவரை கேட்கிறார்கள். கேட்பது நியாயம் என்பதே என் எண்ணம்.

நவம்பர் 27

பாகிஸ்தானை விட்டுவிட்டேனே என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

விடுதலைச் சட்டத்தில் இரண்டு நாட்டுக்கும் ஆகஸ்ட் 15 என்றுதான் எழுதியிருக்கிறது. மவுண்ட்பேட்டன் 15-ஆம் தேதி டெல்லியில் இருந்தாக வேண்டும், அதனால் கராச்சி நிகழ்ச்சியை 14-ஆம் தேதியே முடித்தார். 1948 ஜூலையில் வெளிவந்த பாகிஸ்தானின் முதல் நினைவுத் தபால் தலைகளில் ஆகஸ்ட் 15 என்றே அச்சாகியிருக்கிறது. 14 என்று நிலைத்தது அதன் பிறகுதான். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை, அதுவும் ரமலானின் கடைசி வெள்ளி. எங்கள் அறைக்கு எதிர் அறையில் பெஷாவர்க்காரர்கள் இருந்தார்கள். 14-ஆம் தேதி அவர்கள் அல்வா கொண்டுவருவார்கள். மறுநாள் நாங்கள் தொதல் கொண்டுபோய்க் கொடுப்போம். ஊரில் உம்மா கிண்டி, வருகிற ஆள் யாரிடமாவது கொடுத்தனுப்பியதை அதற்கென்றே எடுத்துவைத்திருப்போம்.

டிசம்பர் 2

இன்று அமீரகம். 1971 டிசம்பர் 2-இல் சேர்ந்தவை அபுதாபி, துபாய், சார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், புஜைரா ஆகிய ஆறு மட்டும். ராஸ் அல் கைமா 1972 பிப்ரவரி 10-இல்தான் சேர்ந்தது. "எத்தனை அமீரகங்கள் சேர்ந்து தொடங்கின?" என்று வினாடி வினாவில் கேட்டால் ஏழு என்று அவசரப்படாதீர்கள்.

நான் இன்று சொல்ல வந்தது இதுவல்ல. இந்த நாட்கள் நம் கரையில் பொது அறிவோடு நின்றுவிடுவதில்லை. தேசிய நாளையொட்டி அமீரகத்திலும் ஓமனிலும் கைதிகளுக்குப் பொது மன்னிப்பு அறிவிப்பார்கள். கடன் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்களுக்கு அந்தக் கடனையே தீர்த்துவைத்து விடுவிப்பதும் உண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர் காசோலைப் பிரச்சினையில் மாட்டி அங்கே சிறையில் இருந்தார். நவம்பர் கடைசி வாரம் பிறந்தால் அவர் மனைவி எங்கள் கடை வாசலுக்கு வந்துவிடுவார். "காக்கா, பேர் வந்திருக்கா, பாத்துச் சொல்லுங்க." பெயர்ப் பட்டியல் என்று ஒன்று வெளியே வராது. அங்கே இருக்கும் ஊர்க்காரர்கள் விசாரித்துச் சொன்னால்தான் உண்டு. அந்த அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. ஆனால் டிசம்பர் 2 என்ன நாள், பெருநாள்களுக்கு முன்னால் எப்போது மன்னிப்பு வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பேர் வராத வருடமும் இருந்தது. பிறகு வந்தது. வீட்டுக்காரர் இப்போது ஊரில்தான் இருக்கிறார், சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார்.

அதனால்தான் தேதியை மட்டும் கேட்டுவிட்டு நகர்கிற கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 3

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுப் பாம்பனிலிருந்து ஒரு மீனவத் தம்பி எழுதியிருக்கிறார்: "எங்களுக்குப் பிப்ரவரி 4." இலங்கையின் சுதந்திர நாளையொட்டி அங்கேயும் கைதிகளுக்கு அதிபரின் மன்னிப்பு உண்டு. பிடிபட்ட ஆள் உள்ளே இருக்கும் வீட்டில் அந்தத் தேதியை எண்ணாமல் இருக்க முடியுமா?

இலங்கையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நமக்கு அது தூரத்து நாடு இல்லை. 1948 பிப்ரவரி 4-இல் விடுதலை. ஆனால் 1972 மே 22 வரை பிரிட்டிஷ் அரசிதான் அங்கும் அரசி. குடியரசானதும் பெயர் சிலோனிலிருந்து ஸ்ரீலங்கா ஆனதும் அன்றுதான். விடுதலை வாங்கிய அதே 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆனார்கள். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். எண்ணிக்கையைப் பிரித்துக்கொண்டார்கள், ஆட்களை யாரும் கேட்கவில்லை.

வந்தவர்களில் ஏராளமானோர் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாம் வழியாக எங்கெங்கோ அனுப்பப்பட்டார்கள். அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகாமல், டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1914-லிருந்து அங்கே ரயிலில் வந்து இறங்கிக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த வழியும் அதோடு போயிற்று.

டிசம்பர் 4

மண்டபத்திலிருந்து ஒரு அக்கா எழுதியதை அவர் அனுமதியோடு சுருக்கிச் சொல்கிறேன். அவர் தாயார் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பிப்ரவரி 4-இல் தோட்டப் பள்ளியில் கொடியேற்றி இனிப்புக் கொடுத்தது அவருக்கு நினைவிருக்கிறதாம். இங்கே வந்தபின் ஆகஸ்ட் 15-இல் கொடியேற்றினார். "இரண்டு நாட்டின் சுதந்திர நாளிலும் மிட்டாய் வாங்கியவள் நான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

இன்னொரு செய்தி. இலங்கைத் தேசிய கீதத்துக்குத் தமிழ் வடிவம் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆனால் பல பத்தாண்டுகளாகச் சுதந்திர நாள் அரசு விழாவில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. 2016 பிப்ரவரி 4-இல் மறுபடி பாடினார்கள். அன்றைக்கு அந்த அக்காவின் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் எல்லோரும் எழுந்து நின்றார்களாம்.

டிசம்பர் 5

நல்ல செய்தி. கேள்வி கேட்ட ராமநாதபுரம் நண்பர் இந்தக் குறிப்புகளை அச்செடுத்து ஆசிரியரிடம் காட்டியிருக்கிறார். மகளுக்கு மதிப்பெண் கிடைத்துவிட்டது. ஆசிரியர் அடுத்த போட்டிக்குக் கேள்விகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறாராம். மிகவும் சந்தோஷம்.

டிசம்பர் 9

அந்தப் போட்டிக்குச் சில கேள்விகள். சிறு பிள்ளைகளுக்கு:

நாற்கோண வடிவில் இல்லாத தேசியக் கொடி? நேபாளம். துக்க நாளிலும் அரைக் கம்பத்துக்கு இறங்காத கொடி? சவூதி, அதில் இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமா எழுதியிருப்பதால். 1936 ஒலிம்பிக்கில் தங்கள் கொடிகள் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதைக் கண்டுகொண்ட நாடுகள்? ஹைட்டியும் லீக்டன்ஸ்டைனும். மறு வருடமே லீக்டன்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் குட்டி நாட்டின் தேசிய நாளும் ஆகஸ்ட் 15தான்.

பெரிய பிள்ளைகளுக்கு: சுதந்திர நாளோ தேசிய நாளோ அதிகாரப்பூர்வமாக இல்லாத பெரிய நாடு எது? பிரிட்டன். எத்தனையோ நாடுகள் விடுதலை நாள் கொண்டாடுவது அதனிடமிருந்து விடுபட்டதற்காக. அதற்கென்று ஒரு நாள் கிடையாது.

பர்மா 1948 ஜனவரி 4 விடியற்காலை 4:20-க்கு ஏன் விடுதலை பெற்றது என்றும் கேட்கலாம். ஜோதிடர்கள் குறித்துக் கொடுத்த நேரம் அது.

டிசம்பர் 16

இன்று பஹ்ரைன். அவர்கள் பிரிட்டனிடமிருந்து விடுபட்டது 1971 ஆகஸ்ட் 15-இல், நம்முடைய தேதியேதான். கொண்டாடுவது டிசம்பர் 16-இல், அமீர் ஈசா பின் சல்மான் பட்டமேற்றதன் நினைவாக. மேலே குவைத்துக்குச் சொன்ன கதைக்கு இது கூடப்பிறந்தது. ஆகஸ்டில் மனாமாவின் புழுக்கத்தை அனுபவித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும்.

வங்கதேசத்துக்கும் இன்று வெற்றி நாள். 1971 டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அவர்களுடைய சுதந்திர நாள் மார்ச் 26, அது அறிவித்த நாள். வென்ற நாள் இது. பஹ்ரைனில் வேலை செய்யும் வங்காளிகளுக்கு இன்று இரட்டைக் கொண்டாட்டம். என் தங்கை மகன் அங்கே இருக்கிறான். அவன் தங்கியிருக்கும் கட்டடத்தில் இரண்டு கொடியும் சேர்த்துக் கட்டியிருக்கும் படத்தைக் காலையில் அனுப்பினான்.

டிசம்பர் 18

கத்தார். 1971 செப்டம்பர் 3-இல் சுதந்திரம். 2007-லிருந்து டிசம்பர் 18தான் தேசிய நாள், 1878-இல் ஷேக் ஜாசிம் தலைமைக்கு வந்ததன் நினைவு. 2022 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் நடந்ததும் டிசம்பர் 18-இல்தான். அந்த லுசைல் மைதானத்தின் வேலையில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

டிசம்பர் 26

மருமகன் ஒவ்வொரு ஜனவரியிலும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு அட்டை கொடுப்பான், எந்த நாட்டில் எப்போது விடுமுறை என்று. இந்த முறை நான் ஒன்று சொன்னேன்: தேதிக்குப் பக்கத்தில் அது எதன் நினைவு என்று ஒரு வரி போடு. ஒப்புக்கொண்டான். அதற்காகத்தான் சில நாளாக இங்கே எழுதவில்லை, அந்த வரிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

சிக்கல் கொடுத்தது மாலத்தீவு. சுதந்திர நாளில் தொல்லை இல்லை, ஜூலை 26. 1965-இல் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தேசிய நாள் என்று அவர்கள் தனியாக வைத்திருப்பது ரபியுல் அவ்வல் முதல் பிறை. போர்ச்சுக்கீசியர்களை முகம்மது தகுருஃபானு விரட்டியதன் நினைவு. பிறைக் கணக்கு என்பதால் வருடத்துக்குப் பத்து, பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அட்டையில் "ரபியுல் அவ்வல் 1" என்றே போடச் சொல்லிவிட்டேன். மாசிக் கருவாடு வாங்க மாலேயோடு பேசுகிற நம் வியாபாரிகளுக்குப் பிறைக் கணக்கு புதிதில்லை.

தொண்டியிலிருந்து ஒரு தம்பி மலேசியாவுக்கு எதைப் போடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் பாட்டனார் பினாங்கில் கடை வைத்திருந்தவர். 1957 ஆகஸ்ட் 31-இல் மலாயாவுக்கு விடுதலை. சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா பிறந்தது 1963 செப்டம்பர் 16-இல். அதையும் ஆகஸ்ட் 31-இலேயே வைக்கத்தான் நினைத்தார்கள். ஐ.நா. குழு சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை விசாரித்து முடிக்க வேண்டியிருந்ததால் தள்ளிப்போனது. செப்டம்பர் 16 நாடு முழுவதற்கும் விடுமுறையானது 2010-லிருந்துதான். கோலாலம்பூரில் வேலை பார்ப்பவருக்கும் சரவாக்கின் கூச்சிங்கில் இருப்பவருக்கும் இந்த இரண்டு தேதியும் ஒரே எடை இல்லை.

தம்பி, இரண்டையும் போடுகிறோம். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லி அச்சகத்தில் சொல்லியாயிற்று.